போன பாக்கெட் திரும்பி வர வேண்டும்: கிளவுட்டில் சப்நெட்களுக்கிடையே ரூட்டிங்

ஆப் சர்வர் ஒரு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பகுதியில்) இருக்கிறது, டேட்டாபேஸ் இன்னொன்றில். இரண்டும் ஒரே நெட்வொர்க்குக்குள்தான். ஆனாலும் ஆப்பைத் தொடங்கினால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று விழுந்துவிடுகிறது. கிளவுட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வார்கள். உடனே ரூட் டேபிளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலை) திறந்து, இந்தச் சப்நெட்டிலிருந்து அந்தச் சப்நெட்டுக்கு ஒரு வரி சேர்க்கப் பார்ப்பார்கள். அந்த வரி ஏற்கெனவே அங்கே இருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரு சின்ன நெட்வொர்க்கை முதலிலிருந்து கட்டப் போகிறோம். உதாரணம் அமேசானின் ஏடபிள்யூஎஸ். அஷ்யூரும் கூகுள் கிளவுடும் எங்கே மாறுபடுகின்றன என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடங்குமுன் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு இணைப்புக்கும் போகும் வழி, வரும் வழி என்று இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். நான் பார்த்த ரூட்டிங் குழப்பங்களில் பெரும்பாலானவை, போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியதால் வந்தவை.

முதலில் முகவரித் திட்டம்

கன்சோலை (ஏடபிள்யூஎஸ்ஸின் நிர்வாகப் பக்கத்தை) திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். தனியார் நெட்வொர்க்குகளுக்கென ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிய மூன்று பரப்புகள் இருக்கின்றன: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாக ஆக, பரப்பு சிறிதாகும். நாம் 10.20.0.0/16 என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 65,536 முகவரிகள். ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு விபிசிக்கு (கிளவுட்டில் உங்களுக்கென இருக்கும் தனி நெட்வொர்க்குக்கு) ஒரு பிளாக்காகக் கொடுக்கக்கூடிய உச்ச அளவே இதுதான், குறைந்தது /28.

இதற்குள் மூன்று சப்நெட்கள்:

பப்ளிக் சப்நெட்: 10.20.1.0/24
ஆப் சப்நெட்: 10.20.10.0/24
டிபி சப்நெட்: 10.20.20.0/24

எண்களுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறேன். நாளைக்கு இரண்டாவது ஆப் சப்நெட் வந்தால் 10.20.11.0/24 என்று பக்கத்திலேயே வைக்கலாம். ஒரு /24-இல் 256 முகவரிகள் இருந்தாலும் உங்கள் கைக்கு வருவது 251தான். முதல் நான்கையும் கடைசி ஒன்றையும் ஏடபிள்யூஎஸ் தனக்கென வைத்துக்கொள்கிறது. அந்த நான்கில் .1 என்று முடிவது விபிசியின் ரூட்டருக்கு. இது கண்ணுக்குத் தெரியாத ரூட்டர். நீங்கள் அதை உருவாக்க வேண்டியதில்லை, அதற்குள் லாகின் செய்யவும் முடியாது. அது என்ன செய்ய வேண்டும் என்பதை ரூட் டேபிளில் எழுதி வைப்பது மட்டுமே உங்கள் வேலை.

எந்தப் பரப்பை எடுக்கக்கூடாது என்பதும் முக்கியம். 172.17.0.0/16-ஐத் தவிர்த்துவிடுங்கள். கண்டெய்னர்கள் என்ற தனித்தனி உறைகளில் மென்பொருளை ஓட்டும் டாக்கர், தன் உள் நெட்வொர்க்குக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது அதைத்தான். உங்கள் டேட்டாபேஸ் 172.17.0.15-இல் இருந்தால், டாக்கர் ஓடும் சர்வரிலிருந்து கிளம்பும் பாக்கெட் (தரவுத் துண்டு) சர்வரை விட்டே வெளியே வராது. உள்ளேயே இருக்கும் கண்டெய்னர்களுக்கு நடுவில் அதைத் தேடிவிட்டுக் கைவிரிக்கும். கிளவுட்டின் ரூட் டேபிளை எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது. அதேபோல, ஏடபிள்யூஎஸ் தானாகவே உருவாக்கிக் கொடுக்கும் டீஃபால்ட் விபிசி எப்போதும் 172.31.0.0/16. அப்படிப்பட்ட இரண்டு விபிசிகளைப் பின்னால் இணைக்க நினைத்தால் முகவரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், இணைக்கவே முடியாது. ஆகவே நிஜ வேலைகளை அதில் வைக்காதீர்கள்.

விபிசி, சப்நெட், அப்புறம் ரூட் டேபிள்

கன்சோலில் விபிசி பக்கத்துக்குப் போய் 10.20.0.0/16 கொடுத்து விபிசியை உருவாக்குங்கள். 'விபிசி அண்ட் மோர்' என்றொரு வசதி இருக்கும். அதை அழுத்தினால் சப்நெட், கேட்வே, டேபிள் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். முதல்முறை அதைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றையும் கையால் செய்தால்தான், உடையும்போது எது எதனோடு ஒட்டியிருக்கிறது என்று புரியும்.

பிறகு மூன்று சப்நெட்களையும் உருவாக்குங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு சப்நெட் ஒரே ஒரு அவைலபிலிட்டி ஜோனுக்குள்தான் (ஒரு வட்டாரத்தில், அதாவது ரீஜனில், உள்ள தனி டேட்டா சென்டர் தொகுதிக்குள்) இருக்கும். பழகுவதற்கு மூன்றையும் ஒரே ஜோனில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ரூட் டேபிளைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதுவும் எழுதாமலே ஒரு டேபிள் இருக்கும். அதற்கு மெயின் டேபிள் என்று பெயர். எந்தச் சப்நெட்டுக்கு நீங்கள் தனியாக டேபிள் கொடுக்கவில்லையோ அது இந்த மெயின் டேபிளைப் பின்பற்றும். உள்ளே ஒரே ஒரு வரி:

டெஸ்டினேஷன் 10.20.0.0/16, டார்கெட் லோக்கல்.

'10.20-இல் தொடங்கும் எந்த முகவரிக்கும் போகிற பாக்கெட்டை விபிசிக்குள்ளேயே நேரே சேர்த்துவிடு' என்பது இதன் பொருள். ஆப் சப்நெட்டிலிருந்து டிபி சப்நெட்டுக்குப் போகும் வழி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. திரும்பி வரும் வழியும் இதற்குள்தான். இந்த வரியை நீக்க முடியாது. நீங்கள் சேர்க்கப் பார்க்கும் வரி ஏற்கெனவே அங்கே இருக்கும் என்று நான் முதலில் சொன்னது இதனால்தான்.

அப்படியென்றால் ரூட் டேபிளில் நமக்கு என்ன வேலை? விபிசிக்கு வெளியே போகும் வழியைச் சொல்வதும், உள்ளேயே வழியை மாற்றித் திருப்பிவிடுவதும்தான். சப்நெட்டுக்கு ஒன்றாக மூன்று டேபிள்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் சப்நெட்டோடு 'அசோசியேட்' செய்யுங்கள். ஒரு டேபிளைப் பல சப்நெட்கள் பகிரலாம், ஆனால் ஒரு சப்நெட்டுக்கு ஒரே நேரத்தில் ஒரு டேபிள்தான். மெயின் டேபிளை லோக்கல் வரியோடு மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். நாளைக்கு யாராவது புதிதாக ஒரு சப்நெட் உருவாக்கி டேபிள் கொடுக்க மறந்தால், அது தவறுதலாக இணையத்துக்குத் திறந்துவிடாது.

பப்ளிக் டேபிளில் இரண்டாவது வரி: டெஸ்டினேஷன் 0.0.0.0/0, டார்கெட் இன்டர்நெட் கேட்வே. விபிசிக்கும் இணையத்துக்கும் நடுவே வாசலாக இருக்கும் அந்த கேட்வேயை முன்னதாகவே உருவாக்கி விபிசியோடு இணைத்திருக்க வேண்டும். 0.0.0.0/0 என்றால் 'மற்ற எல்லாம்'. சப்நெட்டின் பெயரில் 'பப்ளிக்' என்று எழுதிவிட்டால் மட்டும் அது பப்ளிக் ஆகிவிடாது; இந்த வரிதான் ஆக்குகிறது.

ஆப் டேபிளில் இரண்டாவது வரி: 0.0.0.0/0, டார்கெட் நாட் கேட்வே. தனியார் முகவரியைப் பொது முகவரியாக மாற்றி வெளியே அனுப்பும் வாசல் இது. ஆப் சர்வர் வெளியே போய் பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளலாம், வெளியிலிருந்து யாரும் தாமாக உள்ளே வர முடியாது. நாட் கேட்வேயை எந்தச் சப்நெட்டில் வைப்பது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆப் சர்வருக்காகத்தானே என்று ஆப் சப்நெட்டிலேயே வைத்துவிடுவார்கள். அங்கே வைத்தால் நாட் கேட்வே வெளியே அனுப்பப் பார்க்கும் பாக்கெட்டுக்கும் அதே ஆப் டேபிள்தான் வழி சொல்லும். அது மறுபடியும் நாட் கேட்வேயைத்தான் கைகாட்டும். அது இருக்க வேண்டிய இடம் பப்ளிக் சப்நெட்.

டிபி டேபிளில் எதுவும் சேர்க்க வேண்டாம். லோக்கல் வரி போதும்.

ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால்? 10.20.20.15 என்பது 10.20.0.0/16-க்கும் பொருந்தும், 0.0.0.0/0-க்கும் பொருந்தும். சாய்கோட்டுக்குப் பின்னால் பெரிய எண் உள்ள வரி வெல்லும். அதாவது, எது குறுகலான பரப்பைக் குறிப்பிட்டுச் சொல்கிறதோ அது. வரிகளை எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது கணக்கில் வராது.

வழி இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது

ரூட் டேபிளுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லும். ஆரம்பத்தில் சொன்ன டைம் அவுட் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

டேட்டாபேஸ் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பை (சர்வருக்கு எது வரலாம், எது போகலாம் என்ற விதித் தொகுப்பை) திறந்து இன்பவுண்ட் (உள்ளே வரும்) விதி ஒன்று சேர்க்க வேண்டும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் போர்ட் (சர்வரில் அந்தச் சேவைக்கான வாசல் எண்) 5432. சோர்ஸ் என்ற இடத்தில் ஐபி முகவரிக்குப் பதிலாக ஆப் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே கொடுக்கலாம். ஆப் சர்வர்கள் எத்தனை கூடினாலும் குறைந்தாலும் விதியைத் தொட வேண்டியிருக்காது. செக்யூரிட்டி குரூப் இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். உள்ளே விட்ட இணைப்புக்கான பதிலைத் தானாகவே வெளியே விட்டுவிடும்.

நெட்வொர்க் ஏசிஎல்லுக்கு அந்த நினைவு கிடையாது. சப்நெட்டின் வாசலில் நிற்கும் இன்னொரு காவல் இது. விபிசியோடு வரும் டீஃபால்ட் ஏசிஎல் எல்லாவற்றையும் விடும், அதனால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. நீங்களாகப் புதிதாக ஒன்று உருவாக்கினால் அது எல்லாவற்றையும் தடுப்பதில் தொடங்கும்.

இதில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். டிபி சப்நெட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று புது ஏசிஎல் போட்டேன். உள்ளே வர 5432-ஐத் திறந்தேன். வெளியே போகவும் 5432-ஐயே திறந்து, இரண்டு பக்கமும் சரி என்று எண்ணிக்கொண்டேன். இணைப்பு வரவில்லை. ரூட் டேபிளை நான்கு முறை அழித்து எழுதினேன், சர்வரை மறுபடி தொடங்கினேன். கடைசியில் டேட்டாபேஸ் சர்வரின் ஃப்ளோ லாக்கை (வந்துபோகும் போக்குவரத்தின் பதிவை) திறந்தபோது இரண்டு வரிகள் அடுத்தடுத்துத் தெரிந்தன. லாக்கின் மற்ற விவரங்களை விட்டுவிட்டு எழுதினால் இப்படி:

10.20.10.7 → 10.20.20.15, போர்ட் 48712-இலிருந்து 5432-க்கு: அக்செப்ட்
10.20.20.15 → 10.20.10.7, போர்ட் 5432-இலிருந்து 48712-க்கு: ரிஜெக்ட்

கேள்வி 5432-க்கு வருகிறது. பதில் 5432-க்குப் போவதில்லை, கேட்டவரின் தற்காலிகப் போர்ட்டுக்குப் போகிறது. லினக்ஸ் அந்தப் போர்ட்டை வழக்கமாக 32768 முதல் 60999 வரை உள்ள எண்களிலிருந்து எடுக்கும். வேறு இயங்குதளங்கள் வேறு பரப்பை எடுக்கும் என்பதால் 1024 முதல் 65535 வரை வெளியே விடுவது வழக்கம். நான் செய்ய வேண்டியிருந்தது அந்த ஒரு விதிதான்: டெஸ்டினேஷன் 10.20.10.0/24, போர்ட் 1024-65535, அலவ். என்னைக் கேட்டால், உறுதியான காரணம் இல்லாதவரை டீஃபால்ட் ஏசிஎல்லைத் தொடாமல், கட்டுப்பாடுகளைச் செக்யூரிட்டி குரூப்பிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

சோதித்துப் பார்ப்பது

பிங் செய்து பார்த்துவிட்டு 'வழி இல்லை' என்று முடிவுக்கு வராதீர்கள். பிங் போவது ஐசிஎம்பி என்ற வேறொரு நெறிமுறையில். செக்யூரிட்டி குரூப்பில் அதை நீங்கள் திறக்கவே இல்லையே. தேவையான போர்ட்டையே தட்டிப் பார்க்க வேண்டும். ஆப் சர்வரில் நெட்கேட் என்ற சோதனைக் கருவி கொண்டு 10.20.20.15-இன் 5432-ஐத் தட்டுங்கள். மூன்று விதமான பதில் வரலாம்.

இணைந்துவிட்டால் நெட்வொர்க்கின் வேலை முடிந்தது. இதற்குப் பிறகும் ஆப் திணறினால் கடவுச்சொல்லையோ டேட்டாபேஸின் அனுமதிக் கோப்பையோ பாருங்கள்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் நல்ல செய்திதான். பாக்கெட் அந்தச் சர்வர் வரை போய், அங்கிருந்து மறுப்பும் திரும்பி வந்திருக்கிறது. இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. அங்கே அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸை நீங்களே நிறுவியிருந்தால், அதன் டீஃபால்ட் அமைப்பு லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் காது கொடுப்பது. அதை மாற்றிவிட்டு டேட்டாபேஸை மறுபடி தொடங்க வேண்டும்.

எதுவும் வராமல் காத்துக் கிடந்தால் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறார்கள். முதலில் செக்யூரிட்டி குரூப், பிறகு ஏசிஎல்லின் இரு திசைகள், பிறகு சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வால், கடைசியாக ரூட் டேபிள் என்று பாருங்கள். ஃப்ளோ லாக்கை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் இந்தத் தேடல் சுருங்கும். லாக் உடனே வராது. வழக்கமான தொகுப்பு இடைவெளி 10 நிமிடம். சோதிக்கும் நாட்களில் 1 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட்டை ஓட்டினால் நடுவில் ரூட்டர் எதுவும் தெரியாது, ஒரே தாவலில் போய்ச் சேர்ந்ததாகக் காட்டும். பழைய நெட்வொர்க் அனுபவம் உள்ளவர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். கிளவுட்டில் அப்படித்தான்.

நடுவில் ஒரு ஃபயர்வாலை நுழைப்பது

ஆப்பிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு ஃபயர்வால் சர்வரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். ரூட் டேபிளை உண்மையாகவே கையாள வேண்டிய இடம் இதுதான்.

2021 வரை ஏடபிள்யூஎஸ்ஸில் லோக்கல் வரியைவிடக் குறுகலான வரியை எழுத முடியாது. இப்போது முடியும், ஒரு நிபந்தனையோடு: டெஸ்டினேஷன் ஏதாவது ஒரு சப்நெட்டின் முழுப் பரப்பாக இருக்க வேண்டும், அதில் ஒரு துண்டாக இருக்கக்கூடாது.

ஃபயர்வாலுக்கென 10.20.30.0/24 என்று தனிச் சப்நெட் உருவாக்கி, அதற்கும் தனி டேபிள் கொடுங்கள். பிறகு இரண்டு வரிகள்.

ஆப் டேபிளில்: 10.20.20.0/24, டார்கெட் ஃபயர்வாலின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்.
டிபி டேபிளில்: 10.20.10.0/24, டார்கெட் அதே இன்டர்ஃபேஸ்.

இரண்டாவது வரியை மறந்தால் கேள்வி ஃபயர்வால் வழியாகப் போகும், பதில் நேர்வழியில் வந்துவிடும். பதிலையே பார்க்காத ஃபயர்வால், இணைப்பு பாதியில் நிற்பதாக எண்ணி அடுத்து வரும் பாக்கெட்டுகளை வெட்டிவிடும். ஃபயர்வால் சப்நெட்டின் டேபிளில் இந்த வரிகள் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் ஃபயர்வால் அனுப்பும் பாக்கெட் சுற்றிக்கொண்டு அதனிடமே திரும்பும்.

இத்தோடு மூன்று வேலைகள் பாக்கி. முதலாவது, அந்தச் சர்வரின் 'சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்' என்பதை அணைக்க வேண்டும். வழக்கமாக ஒரு சர்வர் தன் பெயரில் வராத பாக்கெட்டை ஏற்காதபடி ஏடபிள்யூஎஸ் தடுத்து வைத்திருக்கிறது. ஃபயர்வாலுக்கோ பிறர் பாக்கெட்டை வாங்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இரண்டாவது, லினக்ஸுக்குள் ஐபி ஃபார்வர்டிங்கை (பிறர் பாக்கெட்டை முன்னே அனுப்பும் அமைப்பை) 1 ஆக்க வேண்டும். சர்வரை மறுபடி தொடங்கினாலும் நிலைக்கும்படி அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள். மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும்: டிபி செக்யூரிட்டி குரூப்பில் சோர்ஸாக ஆப்பின் குரூப்பைக் கொடுத்தோம் அல்லவா, நடுவில் இப்படி ஒரு பெட்டி வந்துவிட்டால் அந்தக் குறிப்பு வேலை செய்யாது. சோர்ஸை 10.20.10.0/24 என்று முகவரியாகவே மாற்ற வேண்டும். ஃபயர்வாலின் சொந்தச் செக்யூரிட்டி குரூப்பிலும் இந்தப் போக்குவரத்தைத் திறந்துவிட வேண்டும்.

வேறு விபிசி, வேறு கிளவுட்

இரண்டு விபிசிகளை இணைக்க எளிய வழி பியரிங். இணைப்பை உருவாக்கி, மறுபக்கம் ஏற்றுக்கொண்ட பிறகும் பாக்கெட் போகாது. இந்தப் பக்கத்து ரூட் டேபிளில் அந்த விபிசியின் பரப்பையும், அந்தப் பக்கத்து டேபிளில் நம் பரப்பையும் எழுத வேண்டும். இங்கேயும் போகும் வழி, வரும் வழி கதைதான். முதல் விபிசி இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் இணைந்திருந்தால் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். பியரிங் அப்படித் தாண்டிப் போகாது. விபிசிகள் நான்கைந்து ஆகிவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நடுமையத்தில் இணைக்கும் டிரான்சிட் கேட்வே பக்கம் போவது நிம்மதி.

அஷ்யூரில் விபிசிக்குப் பதில் விநெட். சப்நெட் ஒரு ஜோனுக்குள் அடங்காது, ரீஜன் முழுக்கப் பரவும். சிஸ்டம் ரூட்கள் தானாக இருக்கும், மாற்ற வேண்டுமென்றால் ரூட் டேபிளில் யூசர் டிஃபைன்ட் ரூட் எழுதி, நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய இடம்) 'வர்ச்சுவல் அப்ளையன்ஸ்' என்று கொடுக்கிறோம். ஃபயர்வாலின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும். அஷ்யூரின் செக்யூரிட்டி குரூப்பின் டீஃபால்ட் விதிகள் விநெட்டுக்குள் பேசிக்கொள்வதை அனுமதிக்கின்றன, ஆகவே ஆரம்பத்து டைம் அவுட் அங்கே குறைவு.

கூகுள் கிளவுட்டில் விபிசி உலகம் முழுமைக்கும் ஒன்று, சப்நெட் ரீஜனுக்கு ஒன்று. ரூட் எழுதுவது நெட்வொர்க்குக்குத்தான், சப்நெட்டுக்கு இல்லை. சில விஎம்களுக்கு (மெய்நிகர் சர்வர்களுக்கு) மட்டும் பொருந்த வேண்டுமென்றால் டேக் போட்டுக் கட்டுப்படுத்துவோம். நீங்களாக உருவாக்கிய நெட்வொர்க்கில் உள்ளே வருவதெல்லாம் தடுக்கப்பட்டிருக்கும். ஃபயர்வால் விதி எழுதும்வரை ஒரே சப்நெட்டில் இருக்கும் இரண்டு விஎம்கள்கூடப் பேசாது.

பழகி முடித்துக் கலைக்கும்போது

நாட் கேட்வேக்கு மணிக்கணக்கில் கட்டணம் ஓடும், நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும்; பயன்படுத்தினால் தரவு அளவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே முதலில் அதை நீக்குங்கள். நீக்கினாலும் அதனோடு இருந்த எலாஸ்டிக் ஐபி (நிலையான பொது முகவரி) உங்கள் கணக்கிலேயே தங்கிவிடும், அதற்கும் கட்டணம் உண்டு. தனியாக ரிலீஸ் செய்ய வேண்டும். ஆப் டேபிளில் நாட் கேட்வேயைக் கைகாட்டிய வரியும் தானாகப் போகாது. ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் 'பிளாக்ஹோல்' என்று மாறி அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்த வழியில் போகும் பாக்கெட்டுகள் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் மறைந்துபோகும். சப்நெட்களை மீண்டும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அந்த வரியையும் அழித்துவிடுங்கள்.